சேரன்மாதேவியின் இரண்டு பந்திகள்

வ.வே.சு. ஐயரைத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று போற்றும்போதெல்லாம் எங்கள் தாமிரபரணிக் கரையில் ஒரு கேள்வியும் எழுவதுண்டு. சேரன்மாதேவியை மறந்துவிட்டு ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில் மனம் தோய இயலுமா?

1881-இல் திருச்சி வரகனேரியில் பிறந்த ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்று புரட்சியாளரானார். 1910-இல் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் அவரே என்பர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார்.

1922-இல் அவர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று ஆகியவை அதன் குறிக்கோள்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் வழங்கியது. அங்கேதான் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி நடந்தது. பெற்றோருக்குத் தந்த வாக்கு என்றார் ஐயர். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். வழக்கு காந்தியடிகள் வரை சென்றது. 1925 ஏப்ரலில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூனில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கக் குதித்துத் தாமும் மாண்டார். அவருக்கு வயது 44. அவ்வாண்டு நவம்பரில் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

பந்தியில் இருவர்தாமே என்று வாதிடுவோர் உண்டு. பொருளியல் பயின்ற எனக்கு அவ்வாதம் ஏற்புடையதன்று. எல்லோரிடமும் திரட்டிய பொதுப்பணம் ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்ததும், வீட்டு ஆசாரம் பொதுநீதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பிறப்பில் உயர்வுதாழ்வில்லை என்னும் குறளை உலகுக்குப் பெயர்த்தவருக்கு இது தெரியாததன்று.

ஆயினும் அக்கதையைத் தள்ளிவைக்க என்னால் இயலவில்லை. பணத்துக்காக மருமகளைக் கைவிடத் துணியும் குடும்பத்தை, தம் சமூகத்துக்குள்ளேயே நின்று குற்றஞ்சாட்டிய கதை அது. ஒரு பேதையின் துயரைக் கண்ட கண், அடுத்த பந்தியில் அமர்த்தப்பட்ட சிறுவனின் அவமானத்தைக் காணவில்லை. இந்த எண்ணம் என் வாசிப்பின் இனிமையைக் குறைக்கிறது. அதன் பொருளைக் குறைக்கவில்லை.

அன்பர்கள் பாபநாசம் அருவியை மட்டும் சொல்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் சேரன்மாதேவிப் பந்தியை மட்டும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில்தான் உள்ளன. வரவும் செலவும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. இரண்டும் கணக்கேட்டில் நிற்க வேண்டும். கதையைப் பாடமாக வைக்கும் ஆசிரியர், பந்தியையும் மாணவருக்குச் சொல்லட்டும்.