ஸ்டாப் வாட்ச் பிடித்த டெய்லர்

டெய்லர் என்றதும் தையல் மெஷின்தானே ஞாபகம் வருகிறது நண்பர்களே? எனக்கும் முதலில் அப்படித்தான்! மேனேஜ்மென்ட் பாடத்தில் இரண்டு மார்க் கேள்விக்காகப் படித்து மறந்துபோன அந்த மனிதரின் வாழ்க்கையை அப்புறம்தான் தேடிப் படித்தேன். அவரும் நம்மைப் போலக் கையில் கிரீஸ் பட்டவர்தான்.

பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசதியான வீட்டில் பிறந்தார். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும் கண் கோளாறால் போகவில்லை. பம்ப் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் ஆனார். 1878-ல் மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் சாதாரணக் கூலியாகச் சேர்ந்து, லேத் ஓட்டி, ஃபோர்மேனாகி, கடைசியில் சீஃப் என்ஜினீயரே ஆகிவிட்டார்! வேலை பார்த்துக்கொண்டே 1883-ல் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் பட்டமும் வாங்கினார். நாம் லேத்தில் மாட்டுகிறோமே ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல், அதற்கு வழி திறந்ததும் அவரும் மான்செல் ஒயிட்டும் செய்த சோதனைகள்தான்.

அந்தக் காலத்தில் எந்த டூல், என்ன ஸ்பீடு என்பதையெல்லாம் தொழிலாளியே அனுபவத்தை வைத்து முடிவு செய்வார். டெய்லர் ஸ்டாப் வாட்ச்சை எடுத்தார். யோசிப்பது பிளானிங் ரூமில், செய்வது ஷாப்பில் என்று பிரித்தார். பெத்லஹேம் ஸ்டீலில் ஆளுக்கு ஒரு நாளில் 12½ டன் இரும்புப் பாளம் ஏற்றிய இடத்தில் 47½ டன் ஏற்ற வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்க! வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை.

1911-ல் வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்சாலைக்குள் ஸ்டாப் வாட்ச் நுழைந்தது. நேரம் குறிக்க விடாத ஒரு மோல்டரை நீக்கினார்கள். உடனே மற்ற மோல்டர்களும் வெளியே வந்துவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1912-ல் டெய்லரும் போய் சாட்சி சொன்னார். 1915-ல் ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச்சுக்கு அரசுப் பணம் செலவிடக் கூடாது என்று தடை வந்தது. அதே ஆண்டு மார்ச் 21-ல், 59 வயது முடிந்த மறுநாள், டெய்லர் காலமானார்.

அவர் அளந்ததில் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அளக்கப்படுகிற ஆளை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்ததுதான் தப்பு.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போய் நிற்கப் போவது சூப்பர்வைசர் இடத்தில். மேலே பிளானிங் ரூம், கீழே மெஷின், நடுவில் நாம! அன்றைக்கு மெஷினில் நிற்கிற அண்ணனிடம் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் வாட்ச்சைப் பார்ப்போமே!