கமர்லிங் ஒனஸ் (1853 – 1926)

மாணவர்களே, மின்தடை அற்ற மீகடத்திகளைப் படிக்கும்போது இவரது பெயரை மறவாதீர்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பிறந்த இவர், 1882 இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே கண்ணாடி ஊதுவோரையும் கருவி செய்வோரையும் பயிற்றுவிக்க ஒரு பாடசாலையே நடத்தினார். அவர்களது கைத்திறனின்றி, 1908 யூலை 10 இல் ஈலியத்தைத் திரவமாக்கியிருக்க முடியாது.

உலோகத்தை மிகவும் குளிர்வித்தால் இலத்திரன்கள் உறைந்து தடை கூடும் என்று அக்காலத்தில் கெல்வின் பிரபு கருதினார். ஒனஸோ அது படிப்படியாகக் குறையும் என எதிர்பார்த்தார். நடந்தது வேறு. 1911 ஏப்பிரலில், ஏறத்தாழ 4.2 கெல்வினில் இரசத்தின் தடை திடீரென அளக்கமுடியாத அளவுக்கு வீழ்ந்தது. அளவீடுகளை எடுத்தவர் உதவியாளர் ஹோல்ஸ்ற். ஆயினும் கட்டுரையில் ஒனஸின் பெயர் மட்டுமே இருந்தது. இது நியாயமா? நீங்களே யோசியுங்கள்.

பலர் பிழைவிடும் இடம் ஒன்று: 1913 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, திரவ ஈலியத்துக்கு வழிவகுத்த தாழ்வெப்பநிலை ஆய்வுகளுக்காகவே.

இலத்திரன்கள் சோடிசேர்வதே காரணம் என்ற விளக்கம் 1957 இலேயே வந்தது; அப்போது ஒனஸ் இறந்து 31 ஆண்டுகள். 1986 இல் கண்டறியப்பட்ட செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளில் இலத்திரன்களின் நடத்தைக்கு, எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை.