ராஜாஜி நீட்டிய சமரசம்

ராஜாஜி என்றதும் உங்களுக்கு மதுவிலக்கும் ராமாயணமும்தான் ஞாபகம் வரும். 1942-இல் அவர் காங்கிரசை விட்டு விலகியது தெரியுமா? முஸ்லிம் லீக்கோடு சமரசம் பேசச் சொன்னதற்காகச் சொந்தக் கட்சியினரே அவரை ஏசினார்கள். அவர் அசரவில்லை. 1944-இல் அவருடைய திட்டம் வெளியானது. முதலில் சேர்ந்து சுதந்திரம் கேட்போம். போர் முடிந்ததும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மாவட்டங்களில் மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும். பிரிந்தாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்குப் பொது ஒப்பந்தம் இருக்கட்டும். வங்கியில் கடன் தீர்வுப் பேச்சுகளைப் பார்த்தவன் நான். யார் எதை விட்டுத்தர வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக எழுதிய தாள் அபூர்வம். காந்திஜி ஏற்றார், ஜின்னா மறுத்தார். 1947-இல் பஞ்சாபும் வங்காளமும் பிளந்தன, லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அன்று ஏசிய அதே கட்சிதான் 1948-இல் ராஜாஜியை கவர்னர் ஜெனரல் நாற்காலியில் உட்கார வைத்தது.