துப்பாக்கியில் தொடங்கி கால்வளையத்துக்கு வந்தவர்: யார் இந்த சலீம் அலி?

பச்சைமலைக்குத் தென்கிழக்கே இருக்கிறது அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி அங்கே வந்து இறங்கும். அது எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? இன்னைக்கு அதுக்கு எலக்ட்ரானிக் டேக் இருக்கு. அதுக்கு முன்னாடி இருந்தது ஒரு சின்ன அலுமினிய வளையம். இந்தியாவில் அந்த வேலையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் சலீம் அலி.

சுட்ட குருவி

1896ல் மும்பையில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட, மாமா வீட்டில் வளர்ந்தார். ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவைன்னு கேட்க, மாமா அவரை மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். செயலர் மில்லார்ட் பேரைச் சொன்னதோட, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அவ்ளோதான், வாழ்க்கையே மாறிடுச்சு.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஹெலிகோலாந்து தீவில்தான் பறவைக்கு வளையம் மாட்டும் முறையைக் கற்றார். 1930ல் ஊர் திரும்பினால், பழைய அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. நிதி இல்லைன்னு பதவியையே எடுத்துட்டாங்க. அப்பவும் விடாமல் தூக்கணாங்குருவியை ஆராய்ந்தார். 1941ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு வந்தது.

வளையம் ஏன் வந்தது?

1957ல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டில் உண்ணி மூலம் பரவும் காய்ச்சல் கண்டறியப்பட்டது. வலசைப் பறவைகள் அந்த உண்ணியைக் கொண்டுவருதான்னு சந்தேகம். உலக சுகாதார நிறுவன ஆதரவோடு 1959ல் வளையமிடும் திட்டம் தொடங்கியது. நம்ம கோடியக்கரையும் அதில் முக்கியமான இடம். பிடி, எண் போட்ட வளையத்தை மாட்டு, பறக்க விடு. முன்பு ஆராய்ச்சிக்காகச் சுட்ட அதே கை, இப்போது உயிரோடு விட்டது. 1976ல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 1987ல் 90 வயதில் மறைந்தார்.

இன்றைய டேக்

வளையத்துக்கு பேட்டரி வேண்டாம். ஆனா அந்தப் பறவை திரும்ப யார் கையிலாவது சிக்கணும். பெரும்பாலானவை சிக்குவதே இல்லை. செயற்கைக்கோள் டேக் வழியையே காட்டிடும். 2013ல் நாகாலாந்தில் அமூர் வல்லூறுகளுக்கு மாட்டிய டேக் வெறும் 5 கிராம். சூரிய ஒளியில் இயங்கியது. பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஆய்வாளர்கள் பரவலாகப் பின்பற்றும் வரம்பு.

இன்னொரு கேள்வியும் இருக்கு. பறவை இறந்த பிறகு அந்த பேட்டரியும் சர்க்யூட்டும் எங்கே போகும்? ஏதோ ஒரு சதுப்பு நிலத்தில்கூடக் கிடக்கலாம். டேக்கின் பேட்டரியைச் சிறிதாக்குவதும், மண்ணைக் கெடுக்காத பொருளுக்கு மாறுவதும் இதுக்கு உதவும். பறவையைத் தெரிஞ்சுக்க பறவையைக் கொல்ல வேண்டாம்னு சலீம் அலியின் வளையம் காட்டியது. அது வந்து இறங்குற ஏரியையும் கெடுக்க வேண்டாம் என்பதுதான் அடுத்த படி.