தலையெழுத்தை வினவிய பண்டிதர் அயோத்திதாசர்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் பல்லாண்டுகள் ஆசிரியப் பணியாற்றிய நாம் அடிக்கடி கேட்ட சொல் தலையெழுத்து என்பதாகும். மகன் தேர்வில் தவறினாலும், கூலி குறைந்தாலும், நோயால் குழந்தை மடிந்தாலும் பெற்றோர் அச்சொல்லையே கூறுவர். இதனை அறியாமை என எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் மாற்ற வழியறியாத துன்பத்தைத் தாங்க மனிதனுக்கு ஒரு காரணம் வேண்டும். அது பொய்யாயினும் நெஞ்சுக்கு ஆறுதல் தருகிறது. ஆதலின் அறிவு இடித்துரைத்த பின்னும் மக்கள் அதனைக் கைவிடுவதில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டு தெளிந்தவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார். சித்த மருத்துவத்திலும் தமிழிலும் புலமை பெற்று, நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் தத்துவம் சாதி வேற்றுமையை ஒழிக்கும் என்பது அந்நாளில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை. 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

மறு ஆண்டில் சென்னையில் கூடிய மகாஜன சபையில் ஒடுக்கப்பட்டோருக்கும் ஆலய நுழைவு வேண்டுமென முறையிட்டார். அவையினர் அதனை மறுத்தனர். தத்துவத்தில் ஒன்றென்போர் வாயிலில் வேறென்றனர். பல்லாண்டுகளாகத் தமக்கு ஆறுதலளித்த நம்பிக்கையை உதறுதல் எவர்க்கும் எளிதன்று. பண்டிதர் அதனைத் துணிந்து செய்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

அவருடைய பெருமை இத்துடன் நிற்கவில்லை. பிறர் பற்றியிருந்த ஆறுதலை வெறுங்கையுடன் பறிக்க அவர் முற்படவில்லை. நோயுற்றோருக்கு மருந்தளித்தார், பிள்ளைகளின் கல்விக்குப் பாடுபட்டார். 1907இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் அது தமிழன் என வழங்கியது. தீபாவளியை ஒழிக்கச் சொல்லாது, எள்ளெண்ணெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடும் பௌத்தத் திருநாள் என விளக்கினார். இழிவு முற்பிறப்பின் பயனன்று, பௌத்தராயிருந்த முன்னோர் மீது பகைவர் சுமத்தியது என எழுதினார். குனிந்த தலைகள் நிமிர்ந்தன.

இங்கு நாம் நேர்மையுடன் ஒன்று கூறவேண்டும். பண்டிதர் எழுதிய வரலாறு முழுவதையும் இற்றை ஆய்வாளர் அனைவரும் ஏற்பதில்லை. நமக்கு இனிக்கிறது என்பதற்காகவே அதனை ஆராயாது பற்றிக்கொள்வோமாயின், தலையெழுத்தைப் பற்றியவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? தம் நம்பிக்கையையே உதறிய அப்பெரியாருக்கு அது மரியாதையும் ஆகாது.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பல இலட்சம் மக்களுடன் அதே பௌத்த நெறியை ஏற்றார்.

இளைஞர்களே, உங்கள் அன்னை தலையெழுத்து என்று கண்ணீர் வடிக்கும்போது அவரோடு வாதிடாதீர்கள். அருகமர்ந்து, தவறிய பாடத்தை மீண்டும் படியுங்கள். நீங்கள் தேறும் நாளில் அச்சொல் அவர் நாவிலிருந்து தானே மறையும்.