பட்டாணித் தோட்டத்துத் துறவி

உயிரினங்களின் பரிணாமத்திற்குச் சடுதி மாற்றமும் தகவமைப்பும் சான்றாகுமா என்று வகுப்பில் நாங்கள் வாதாடும்போதெல்லாம் டார்வினின் பெயரே முதலில் வரும். ஆனால் டார்வினுக்குக் கிட்டாத விடை ஒன்றைக் கண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரே கிரகோர் மெண்டல்.

இன்றைய செக் நாட்டின் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில், 1822 ஜூலை மாதத்தில் பிறந்தார். தந்தை விபத்தில் அடிபட்டு நலிந்ததால் படிப்பு நின்றுவிடும் நிலை வந்தது. அப்போது தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்காக விட்டுக்கொடுத்தாள். (பாடநூல் இவளைச் சொல்வதில்லை, நாங்கள் சொல்லாமல் விடமாட்டோம்.) பின்னாளில் அவளுடைய மைந்தரைப் படிக்க வைத்தவர் மெண்டலே.

1843 இல் பிர்னோ நகரில் புனித தோமையார் மடத்தில், அகுஸ்தினார் சபையில் சேர்ந்தார். 1847 இல் குருப்பட்டம் பெற்றார். ஆசிரியர் தேர்வுக்கு இருமுறை முயன்றும் தேறவில்லை! தேர்வென்றால் நடுங்கும் தோழியர் கவனிக்க.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலப்புச் செய்தபோது, முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் ஒழிந்தது என்றுதானே நினைப்போம்? அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. மூன்றுக்கு ஒன்று! பண்புகள் பாலில் நீர்போலக் கலந்துவிடுவதில்லை. மறைந்திருந்து முழுமையாகத் திரும்புகின்றன.

டார்வினின் நூல் 1859 இல் வெளிவந்திருந்தது. புதிதாகத் தோன்றும் மாற்றம் கலந்து கலந்து கரைந்துபோகாதா என்று எதிர்த்தவர்கள் கேட்டதற்கு அவரால் தக்க விடை கூற இயலவில்லை. விடையோ 1865 இல் மெண்டல் பிர்னோவில் வாசித்த கட்டுரையில் இருந்தது. அதை உணர்ந்தவர் இல்லை. 1868 இல் மடத்தின் தலைவரானார். அரசோடு வரிவழக்கிலேயே காலம் கழிந்தது. 1884 ஜனவரி 6 அன்று இறந்தார். 1900 இல்தான் விஞ்ஞானிகள் மூவர் அவர் கண்டதை உலகறியச் செய்தனர்.

சடுதி மாற்றம் என்றால் கேடுதானே, அதிலிருந்து என்ன வளரும் என்று எங்கள் எதிரணியினர் கேட்பார்கள். அந்தச் சுருங்கிய பட்டாணியே சடுதி மாற்றத்தால் வந்தது என்று 1990 இல் கண்டறிந்தார்கள். மாவுப்பொருளை உண்டாக்க உதவும் ஒரு மரபணுவுக்குள் வேறொரு துண்டு புகுந்து அதைக் கெடுத்திருந்தது. கேடுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மாவு குறைந்ததால் சர்க்கரை மிகுந்தது. அதன் இனிப்புக்காகவே தோட்டக்காரர்கள் அதைத் தேடித் தேடி விதைத்தார்கள். ஒரு சுருக்கத்தால் புதிய இனம் பிறந்துவிடாது என்பது அடுத்த கேள்வி. பிறக்காதுதான், ஆனால் அது கரையாமல் நிற்கிறது, அதன்மேல் இன்னொன்று சேரலாம்.