கண்ணாடித் தொட்டி கண்ட அம்மையார்

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த நெய்தல் ஊர் தருவைகுளம். முத்துச்சிப்பி இது, சங்கு இது, கணவாய் இது, பேய்க்கணவாய் இது என்று இக்கரையில் வாழும் சிறுவரும் பிரித்தறிவர். ஆயினும், அவ்வுயிர்கள் கடலினுள் எவ்வாறு உண்கின்றன, எவ்வாறு தம் ஓட்டை ஆக்கிக்கொள்கின்றன என்னும் வினாக்களுக்கு, வலையில் இறந்து வரும் உயிரைக் கொண்டு விடை காண்டல் அரிது. உயிரோடு வைத்துப் பன்னாள் பார்த்தல் வேண்டும். அதற்கு வழி வகுத்த பெருமாட்டியே ஜீன் வில்பிரூ பவர் அம்மையார்.

அம்மையார் பிரான்சு நாட்டில் ஜூயாக் என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தில் 1794ஆம் ஆண்டு பிறந்தார். உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பதினெட்டாம் வயதில், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாரிசு மாநகருக்கு நடந்தே சென்று தையல் தொழிலில் அமர்ந்தார். 1816இல் அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றிற்கு மணப்பெண்ணின் ஆடையை அணிசெய்து அளித்தார். அதனால் அவர் பெயர் பரவியது. ஜேம்சு பவர் என்னும் ஆங்கில வணிகரை 1818இல் மணந்து, சிசிலித் தீவிலுள்ள மெசினா என்னும் துறைமுக நகரில் குடியேறினார்.

அத்தீவின் மலையும் கடலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஊசி பிடித்த கை ஏடும் எழுதுகோலும் பிடித்தது. ஆசிரியர் எவரும் இன்றித் தாமே இயற்கை நூலைக் கற்றார். தீவெங்கும் அலைந்து செடிகளையும் சிப்பிகளையும் தொகுத்தார். அவ்வாறு தொகுக்கையில், நெடுங்காலமாக அறிஞர்களை மயங்கவைத்த ஓர் உயிர் அவர் கருத்தை ஈர்த்தது. அதுவே காகித நாட்டிலஸ்.

இது பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்தது; எட்டுக் கைகளை உடையது. காகிதம் போன்று மெல்லிய வெண்ணிற ஓட்டினுள் பெண் நாட்டிலஸ் வாழும். தன் முட்டைகளையும் அதிலேயே வைத்துக் காக்கும். அறை அறையாக அமைந்த ஓட்டை உடைய நாட்டிலஸ் என்பது இதனின் வேறு. அதன் உடல் ஓட்டோடு இணைந்திருக்கும். காகித நாட்டிலஸின் உடலோ ஓட்டோடு ஒட்டியிராது. ஆதலின், துறவி நண்டு சங்கினுட் புகுந்து குடியிருப்பது போல, இதுவும் பிறிதோர் உயிர் விட்டுச்சென்ற ஓட்டில் குடியேறுகின்றதோ என்னும் ஐயம் எழுந்தது. அறிஞர் பலர் அவ்வாறே கருதினர். வாதம் வளர்ந்ததேயன்றி முடிவு பிறக்கவில்லை.

அம்மையார் வாதத்தை விடுத்துச் சோதனையை மேற்கொண்டார். 1832ஆம் ஆண்டளவில் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியை அமைத்துத் தம் இல்லத்திலேயே அவ்வுயிர்களை வளர்த்தார். கடலினுள் இறக்குதற்குரிய கூடுகளையும், நங்கூரமிட்டு நிறுத்தும் பெரிய கூண்டுகளையும் ஆக்குவித்தார். நாள்தோறும் உணவு ஊட்டினார். கண்டவற்றைப் பொறுமையுடன் எழுதி வைத்தார்.

முட்டையினின்று வெளிவரும் குஞ்சுக்கு ஓடு இல்லை. அது வளர வளர ஓடும் தோன்றி வளர்கின்றது. ஓடு உடைந்தால் அவ்வுயிரே அதனைச் செப்பனிட்டுக்கொள்கின்றது. இவ்விரண்டையும் அவர் தம் கண்ணாரக் கண்டார். ஓடு இரவற்பொருள் அன்று. அவ்வுயிர் தானே ஆக்கிக்கொண்ட இல்லம் என்பது தெளிவாயிற்று. நூற்றாண்டுகளாக நீண்ட ஐயம் ஒரு தையற்பெண்ணின் தொட்டியில் தீர்ந்தது.

பெண்டிர் அறிஞர் அவைகளில் இடம்பெறுதல் அரிதாக இருந்த அக்காலத்தில், கத்தானியா நகரத்து ஜோயேனியா அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் ஊழ் அவரைச் சோதித்தது. அவர் அரிதின் தொகுத்த பொருள்களும் குறிப்புகளும் ஏற்றிச்சென்ற கப்பல் கடலில் மூழ்கிற்று. கடல் தந்ததைக் கடலே கொண்டது. இவ்விழப்பிற்குப் பின் புதிய ஆராய்ச்சி செய்யாவிடினும், எழுதுவதையும் அவைகளில் உரையாற்றுவதையும் அவர் கைவிடவில்லை. பிரசிய நாட்டுப் போரின்போது பாரிசை விட்டு நீங்கி, பிறந்த ஊரை அடைந்து, 1871 ஜனவரித் திங்களில் உயிர் நீத்தார்.

அவர் வகுத்த நெறி அழியவில்லை. கடலுயிரைக் கூட்டில் இட்டு, நீரிலேயே உயிரோடு பேணும் முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றது. தருவைகுளத்தை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பிகளை அவ்வாறு வளர்த்து, 1973ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக முழுமையான வளர்ப்பு முத்தைப் பெற்றனர். வானநூலார் வெள்ளிக் கோளின் குழிப்பள்ளம் ஒன்றிற்கு 1997இல் அம்மையார் பெயரைச் சூட்டினர்.

செல்வமும் பட்டமும் அறிவிற்குத் துணையாகலாம். ஆனால் அவையே அறிவு ஆகா. ஐயம் எழுந்தவிடத்துப் பிறர் சொல்லைக் கேட்டு அமையாது, தாமே பொறுமையோடு நோக்கி உண்மை காண்பவரே அறிஞர் ஆவர். மாணவர்கள் தம் ஊர்க் கடற்கரையில் ஒரு கிளிஞ்சலைக் கையில் எடுக்கும்போது, இதன் இல்லத்தைக் கட்டியவர் யார் என்று வினவுவாராக. அவ்வினாவே கல்வியின் தொடக்கமாகும்.